பூசைக்கு உகந்தது என்று நான் ஒட்டிய லேபல்கள்

இதை எழுதுவதற்கென்று மூன்றுதரம் கொப்பி வாங்கினேன். மூன்றிலும் மகளின் பிள்ளைகள் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. எழுதாமலிருக்க ஒரு சாட்டுக் கிடைத்ததே என்று உள்ளுக்குள் ஆறுதலாகத்தான் இருந்தது. இப்படியே ஐந்து வருடம் போய்விட்டது. நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல்களிலும் சுற்றுலா இடங்களிலும் வேலைக்குப் போகிற இளம் ஆட்கள் இப்போது எங்கள் பக்கத்தில் கூடிவிட்டார்கள். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். ஆண்டவர் அறிய, நடந்தது இதுதான்.

1. முதல் நாள்

நான் யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தவன். கடலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை. இறால் வாங்கி அனுப்பும் ஒரு கொம்பனியில் இருபத்திரண்டு வருடம் தரம் பிரிக்கிற வேலை பார்த்தேன். பெட்டியைத் திறந்ததும் மணந்து பார்த்து, இது இன்றையது, இது முந்தாநாளையது என்று சொல்லவேண்டும். என் மூக்கு பிழைத்ததில்லை. கொம்பனியை மூடிய பிறகு ஒருவர் சொல்லி, வலிகாமத்தில் ஒரு முந்திரிகைத் தோட்டத்துக்குப் போனேன். முந்திரிகை என்றால் எங்களுக்குத் திராட்சை.

தோட்டத்து முதலாளி சுவிசில் இருந்து திரும்பி வந்தவர். பந்தலுக்குப் பின்னால் ஒரு மண்டபம் கட்டி, பீப்பாக்களில் வைன் வடித்து வைத்திருந்தார். கொழும்பில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் யாழ்ப்பாணம் பார்க்க வருகிறவர்களின் வான் வண்டிகள் வழியில் அரை மணித்தியாலம் அங்கே நிற்கும். அவர்களுக்கு மூன்று கிளாசில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, எப்படிப் பார்ப்பது, எப்படி மணப்பது, எப்படி வாயில் வைத்துச் சுழற்றுவது என்று சொல்லிக் கொடுப்பதற்குப் பெயர் வைன் ரேஸ்ரிங். அதுதான் எனக்கு வேலை.

"சைவப் பொடியளை விட்டுப் பாத்தன், சரிவரேல்லை," என்றார் முதலாளி. "வாயிலை வைக்கமாட்டாங்கள். வைக்காமல் என்னெண்டு விளங்கப்படுத்திறது? நீர் வேதக்காரர். உமக்கு உது பெரிய விசியம் இல்லை."

"நான் குடிக்கிறேல்லை ஐயா."

"ஆர் உம்மைக் குடிக்கச் சொன்னது? வாயிலை வைச்சுப்போட்டு இந்தச் சட்டிக்குள்ளை துப்பும். அவ்வளவுதான்."

முதல் நாள் கொழும்பில் இருந்து எட்டுப் பேர் வந்து நின்றார்கள். முதலாளி சொல்லித் தந்தபடி கிளாசை வெள்ளைக் கடதாசிக்கு முன்னால் சரித்து நிறம் காட்டினேன். மணந்து காட்டினேன். வாயில் வைத்தேன். துப்ப வேண்டிய இடத்தில் எனக்குத் துப்ப வரவில்லை. சின்ன வயதிலிருந்து வைனை நான் பூசையில் குருவானவரின் கையில் மட்டுமே கண்டவன். அதையா எச்சில் சட்டியில் துப்புவது? விழுங்கிவிட்டேன். மூன்று கிளாசையும் விழுங்கினேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பூசை முடிந்ததும் பாதர் கிண்ணத்துக்குள் தண்ணீர் விட்டு, சுழற்றிக் குடித்து, வெள்ளைச் சீலையால் துடைத்துக் கவிழ்ப்பார் அல்லவா? கடைசிக் கிளாஸ் முடிந்ததும் என் கை தானாக அதைச் செய்தது. தண்ணீர் விட்டேன், சுழற்றினேன், குடித்தேன், துடைத்தேன். தலையை நிமிர்த்திப் பார்த்தால் எட்டுப் பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"பாதர், எங்களுக்கும் ஒரு ஆசீர்வாதம் தாங்கோவன்," என்றார் ஓர் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வான் போனதும் முதலாளி வந்து முதுகில் தட்டினார். "நல்லா இருக்கு ஐசே! நாளைக்கும் செய்யும். ஒவ்வொரு நாளும் செய்யும். சனம் படம் எடுக்குது, பாத்தனீரே?"

செய்தேன். பக்தியில் பழகிய ஒரு காரியத்தைத் தினமும் ஏழெட்டுத் தரம் வேடிக்கையாகச் செய்து காட்டினேன். என் முதல் பிழை அதுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது வேலை நிலைத்ததே என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

2. பிலோமினா

பிலோமினா என் மனைவி. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி இருந்தது. கிழமையில் இரண்டு நாள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். போகும்போது எப்படியும் போய்விடுவாள். திரும்பும்போது பஸ்ஸில் நிற்க உடம்பு ஏலாது. முதலாளி இதைக் கேள்விப்பட்டு, செவ்வாயும் வெள்ளியும் தன் வானை விட்டார். வாசலில் ஏற்றி வாசலில் இறக்குவார்கள். ஒரு நாளும் தவறவில்லை. அந்த நன்றியை நான் மறக்கவில்லை. மறக்கமுடியாமல் இருந்ததுதான் வினையானது.

பூசைக்கான வைன் எங்கள் கோயிலுக்குத் தூர இடத்தில் இருந்து வந்துகொண்டிருந்தது. சில நேரம் பிந்தும். "ஐயா, நாங்கள் இங்கையே செய்து குடுத்தால் என்ன?" என்று முதலாளியிடம் கேட்டது நான்தான். அவருக்குச் சந்தோஷம். பங்குத்தந்தை வந்து பார்த்தார். சீனி கூடாது, வேறு சாறு கூடாது, முந்திரிகைப் பழம் மட்டும்தான் என்று சொன்னார். முதலாளி ஓம் என்றார். முதல் இரண்டு வருடம் அப்படியே செய்தோம். அதில் ஒரு குறையும் இல்லை. என் கையெழுத்து வடிவு என்று லேபலை என்னையே எழுதச் சொன்னார்கள். 'சுத்தமான முந்திரிகைச் சாறு. பூசைக்கு உகந்தது.' அதைப் படி எடுத்து, ஒவ்வொரு போத்தலிலும் நானே ஒட்டினேன். ஏழு கோயில்களுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிலோமினா கோயிலால் வந்து முகம் மலர்ந்து சொல்லுவாள்: "இண்டைக்குப் பீடத்திலை வைச்சதும் நீங்கள் நிரப்பின போத்தல்தானே அப்பா? எனக்கு அதைப் பாத்தாலே வருத்தம் பாதி குறையுது."

3. கப்பி வைன்

மூன்றாம் வருடம் மார்கழியில் மழை விடவில்லை. குலைகள் பந்தலிலேயே பூஞ்சணம் பிடித்து விழுந்தன. பன்னிரண்டு பீப்பா நிரம்புகிற தோட்டத்தில் மூன்று பீப்பாதான் நிரம்பியது. வான்கள் மட்டும் குறையவில்லை.

ஒரு நாள் காலையில் போனேன். பிழிந்து முடித்த பழக் கோதுகளை எறியாமல் திரும்பப் பீப்பாவுக்குள் போட்டு, சீனிப்பாணி ஊற்றிக்கொண்டு நின்றார் முதலாளி. பக்கத்தில் ஒரு சாக்குப் பீற்றூட்.

"இதென்ன ஐயா?"

"வீட்டிலை தேங்காய்ப்பூவை ஒருக்காப் பிழிஞ்சுபோட்டு எறியிறனீரோ?"

"இல்லை ஐயா."

"ரெண்டாந்தரமும் பிழிவீர் என்ன? கப்பிப்பால். அதிலைதானே கறி அவியுது? இதுவும் அதுதான். கப்பி வைன்." தான் வைத்த பெயர் தனக்கே பிடித்து ஒருதரம் சிரித்தார். "நிறத்துக்குப் பீற்றூட். உதுகும் எங்கடை செம்மண்ணிலை விளைஞ்சதுதான்."

"வாற சனத்துக்குக் குடுக்கலாம். கோயிலுக்கு?"

"கோயிலுக்கு அந்த மூண்டு பீப்பாவிலை இருந்து நிரப்பும். நான் என்ன வேண்டாமெண்டனானோ?"

கப்பி புளித்து வர மூன்று மாதம் எடுத்தது; அதுவரை வந்தவர்களுக்கும் கோயிலுக்கும் அந்த மூன்று பீப்பாவில் இருந்துதான். பிறகு அதில் மிச்சத்தை ஒரு ஹோட்டல்காரர் வந்து மொத்தமாக ஏற்றிக்கொண்டு போனார். அன்று முதலாளி கோயில் போத்தல்களை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"இனிக் கப்பியிலையே நிரப்பும். பூசையிலை பாதர் ஒரு மிடறுதானே குடிக்கிறார். ஆருக்குத் தெரியப்போகுது?"

"ஆண்டவருக்குத் தெரியும் ஐயா."

"அவர் பச்சைத் தண்ணியையே வைனாக்கினவர் காணும். நான் பாதி வேலையை முடிச்சல்லோ குடுக்கிறன்!"

நான் சிரிக்கவில்லை. அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். "செவ்வாய்க்கிழமை வான் வழமைபோலை வரும், என்ன?" என்றார். குரலை உயர்த்தவில்லை. மிரட்டவும் இல்லை.

நான் போத்தல்களை நிரப்பினேன். லேபலை ஒட்டினேன்.

அன்று பின்னேரம் ஒரு வான் வந்தது. முதல்தரமாகக் கப்பியைக் கிளாசில் ஊற்றி, வாயில் வைத்து, பேசிக்கொண்டே சட்டியில் துப்பினேன். துப்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. இரண்டரை வருடமாக எனக்கு வராத காரியம் அன்று தானாக வந்தது. இது வைன் அல்ல என்று நாக்குக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டும் அந்தக் கிழமை மோட்டார் சைக்கிளில் ஏழு கோயிலுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"உங்கடை கையெல்லாம் ஏன் சிவந்து கிடக்கு?" என்று கேட்டாள் பிலோமினா.

"பீற்றூட். வெட்டிக் குடுத்தனான்."

"வைன் செய்யிற இடத்திலை என்னப்பா பீற்றூட்?"

"வாற ஆக்களுக்குச் சலாட் போடுறவை."

"நல்லா அலம்பிப்போட்டு வாங்கோ. செபமாலை சொல்லுவம்," என்றாள். என் சொல்லைச் சந்தேகப்பட்டுப் பழக்கமில்லாதவள். கை கழுவினேன். நகக்கண்ணில் சிவப்புப் போகவில்லை. அந்த விரல்களாலேயே செபமாலை உருட்டினேன்.

4. துப்பிய பெரியவர்

ஒரு திங்கட்கிழமை கனடாவில் இருந்து வந்த ஒரு குடும்பம் வானில் வந்து இறங்கியது. கூட ஒரு வயதானவர். கட்டம்போட்ட சேட்டும் செருப்பும். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு நிற்க, அவர் மட்டும் நான் சொன்னபடி ஒழுங்காகச் செய்தார். கிளாசைக் கடதாசிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். மணந்தார். ஒருதரம் அல்ல, மூன்றுதரம். வாயில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு குனிந்து சட்டியில் துப்பினார்.

"என்ன அண்ணை, இவ்வளவு தூரம் காசு குடுத்து வந்து துப்பிறியள்?" என்றார் அவருடைய தங்கச்சி.

"நான் மருந்து குடிக்கிறனான் எல்லே," என்று சமாளித்தார்.

முடிவில் நான் வழமைபோல் கிளாஸ் கழுவிக் குடித்துத் துடைத்துக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை. மற்றவர்கள் போத்தல் வாங்கப் போனதும் என் கிட்ட வந்தார்.

"தம்பி எந்த ஊர்?"

"குருநகர் ஐயா."

"கிளாஸ் துடைச்ச விதத்திலையே வேதக்காரர் எண்டு கண்டன். நானும் குருவானவர்தான். நாப்பது வருசமாப் பூசை வைக்கிறன்." போத்தல் அடுக்கிய இறாக்கையைக் காட்டினார். "அங்கை ஒரு போத்தலிலை பூசைக்கு உகந்தது எண்டு கிடக்கு. நான் இப்ப துப்பினதுதான் அதுக்குள்ளையும் இருக்கோ?"

முதலாளி பத்தடி தள்ளி நின்று தங்கச்சிக்காரியோடு கதைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கதை நின்றது. எனக்கு அது கேட்டது. கதை நிற்பதும் காதுக்குக் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"இல்லைச் சுவாமி. அது வேறை."

"சீனி கலக்கிறேல்லையோ?"

"இல்லைச் சுவாமி."

"உம்மை நம்பித்தான் கேக்கிறன் தம்பி. எங்கடை சனத்தின்ரை பூசை. சுத்தமான பழச்சாறு எண்டு உம்மடை வாயாலை சொல்லும். எனக்குக் காணும்."

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. எனக்கு அது ஒன்றுதான் நினைவில் வந்தது.

"ஓம் சுவாமி," என்றேன். "சுத்தமானது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த என் கையைப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். என் நெற்றியில் பெருவிரலால் சின்னச் சிலுவை ஒன்று வரைந்து, "ஆண்டவர் உம்மைக் காக்கட்டும்," என்று சொல்லிப் போய் வானில் ஏறினார்.

"கெட்டிக்காரன் நீர்," என்றார் முதலாளி.

மறுநாள் ஆஸ்பத்திரியால் வந்து இறங்கிய பிலோமினா, "உங்கடை முதலாளி நல்ல மனிசன், என்ன?" என்றாள். அதற்கும் ஓம் என்றேன்.

5. முப்பத்தோராம் நாள்

நான்கு மாதம் கழித்துப் பிலோமினா போய்விட்டாள். வான் இருந்தும் போய்விட்டாள். கடைசிக் கிழமை அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "முப்பத்தொண்டுப் பூசையை வடிவா ஒப்புக்குடுங்கோ அப்பா. அவசரப்படுத்த வேண்டாமெண்டு பாதருக்குச் சொல்லுங்கோ. ஒரு குறையும் விடப்படாது."

சேமக்காலையில் அடக்கம் செய்தோம். அவள் போய் முப்பத்தோராம் நாள் வைத்த பூசைக்குக் கோயில் நிரம்பச் சனம். நான் முன் வரிசை வாங்கில் இருந்தேன். பீடத்துக்குப் பக்கத்துச் சின்ன மேசையில் போத்தல் இருந்தது. என் கையெழுத்து எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. இதை நான் முன்பே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு மாதமாக நித்திரையும் நினைவும் இல்லாமல் இருந்துவிட்டேன் என்று சொல்லலாம். அது சாட்டு.

எழும்பிப் போய்ப் பாதரின் காதில் சொல்ல ஐந்து அடி நடந்தால் போதும். சனம் என்ன நினைக்கும், பிள்ளைகள் தலை குனிவார்கள் என்று இருந்த இடத்திலேயே இருந்தேன். காணிக்கை முடிந்தது. பாதர் ஊற்றினார். மணி அடித்தது. கிண்ணத்தை உயர்த்தினார். சனம் எல்லாம் தலை வணங்கியது. எனக்குப் பீற்றூட் மணம் வந்தது. அவ்வளவு தூரத்தில் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வந்தது.

நான் விக்கி விக்கி அழுதேன். அம்மாவை நினைத்து அப்பா அழுகிறார் என்று மகள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

6. இரண்டுதரம் சொன்னது

அடுத்த நாள் காலை பங்குத்தந்தையிடம் போய், பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாம் சொன்னேன். அவர் முடியும்வரை கேட்டார். பிறகு, "அண்ணை, பாவசங்கீர்த்தனத்திலை சொன்னதை நான் வெளியிலை எடுக்கேலாது. அந்தப் போத்தலைத் தொடாமல் விடக்கூட எனக்கு வழியில்லை. எழும்பி அறைக்கு வாங்கோ. மேசையிலை இருந்து இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றார்.

முதல்தரம் முழங்காலில் சொன்னேன், அழுகையோடு. இரண்டாந்தரம் கதிரையில் இருந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டி இருந்தது. அதுதான் கஷ்டம்.

"எத்தினை கோயில்?"

"ஏழு பாதர்."

"எத்தினை மாதம்?"

"ஏழு."

"மற்ற ஆறுக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்கோ. நான் சொன்னால் அது வெறும் செய்தி." பிறகு கொஞ்சம் இளகி, "சனத்தின்ரை செபத்தை ஆண்டவர் தள்ளமாட்டார் அண்ணை. அக்காவுக்கு ஒரு குறையும் வராது," என்றார்.

முதலில் முதலாளியிடம் போனேன். கோயில்களுக்குச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"சொல்லும்," என்றார். "லேபலிலை ஆற்றை எழுத்து? கொண்டுபோய்க் குடுத்தது ஆர்? அந்தக் கனடாப் பாதருக்குச் சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னது ஆர்? நான் வாயே திறக்கேல்லையே காணும். போய்ச் சொல்லும், கள்ளன் ஆரெண்டு சனம் பாக்கட்டும்."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் கசப்பு.

வேலையோடு தோட்டத்து மோட்டார் சைக்கிளும் போனதால் துவிச்சக்கர வண்டியில் போனேன். ஒரு பாதர் வாசலில் வைத்தே ஏசினார். ஒருவர், "நல்லகாலம், வயித்தாலை போகேல்லை," என்று பகிடி விட்டு அனுப்பினார். இரண்டு பேர் கேட்டுத் தலையாட்டினார்கள். ஒருவர் பிறகு வா என்றார், பிறகு போனபோதும் ஆளைக் காணவில்லை. கடைசியாகப் போன கோயிலில் ஒரு வயதான பாதர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். எந்த மாதம் முதல் எந்த மாதம்வரை என்று கேட்டார். சொன்னேன். விரலில் எண்ணினார்.

"என்ரை அம்மாவின்ரை அடக்கப் பூசையும் அதுக்குள்ளைதான் வருது," என்றார்.

நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன். அவர் எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "வெயிலுக்குள்ளை வந்திருக்கிறீர், குடியும்," என்றார். என்னால் குடிக்க முடியவில்லை. ஏசியவரை மறந்துவிட்டேன். அந்தத் தேத்தண்ணியை மறக்க முடியவில்லை.

கனடாப் பெரியவருக்கு இன்றுவரை சொல்லவில்லை. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. இதை யாராவது அவருக்கு வாசித்துக் காட்டினால், அவர் நகத்தைக் கண்டும் என்னைச் சனத்துக்கு முன்னால் காட்டிக்கொடுக்காமல் போனவர் என்பதை நான் அறிவேன் என்று சொல்லுங்கள். நானே சொல்லவேண்டும் என்று எனக்கு விட்டுப்போனார். நான் சொல்லவில்லை.

பங்குத்தந்தை வேறிடத்து வைன் எடுப்பித்துப் பிலோமினாவுக்கு இன்னொரு பூசை ஒப்புக்கொடுத்தார். நானும் மகளும் மட்டும் இருந்தோம். போத்தலைத் திறந்து, "மணந்து பாருங்கோ அண்ணை," என்றார். நல்ல பழத்தின் மணம். அவள் ஆசைப்பட்டபடி அவசரமில்லாமல் பூசை வைத்தார். ஆனால் அது முப்பத்தோராம் நாள் அல்ல. அந்த நாள் ஒருமுறைதான் வரும்.

தோட்டத்தில் ரேஸ்ரிங் இன்றும் நடக்கிறது. கோயில்கள் அங்கே வைன் எடுப்பதில்லை. வான்கள் நிற்கின்றன. என் இடத்தில் நிற்பவரும் கடைசியில் கிளாஸ் கழுவிக் குடித்துத் துடைத்துக் காட்டுகிறாராம். அவர் வேதக்காரர் இல்லையாம். பார்த்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உங்கள் முதலாளி நல்லவராகவும் இருப்பார். உங்கள் வீட்டு வருத்தத்துக்கு உதவியும் செய்வார். வாங்குங்கள், நன்றியாகவும் இருங்கள். ஆனால் கைக்கும் நாக்குக்கும் ஒரு பொருள் கூடாது என்று தெரிந்த அன்றைக்கே வாயால் சொல்லிவிடுங்கள். நான் பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். அந்தப் பிறகு என் மனைவியின் பூசையில் வந்து நின்றது.

இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் கொடுங்கள். கொடுக்கும்போது எழுதியபடியே கொடுங்கள். என் மேல் இரக்கப்பட்டு என் பங்கைக் குறைக்கவேண்டாம். முதலாளியின் மேல் கோபப்பட்டு அவர் பங்கைக் கூட்டவும் வேண்டாம். "ஓம் சுவாமி, சுத்தமானது" என்று நான் சொன்ன இடத்தில் பயந்து சொன்னான், தடுமாறிச் சொன்னான் என்று ஒன்றும் சேர்க்காதீர்கள். நான் தடுமாறவில்லை. தெளிவாகத்தான் சொன்னேன். இதிலாவது ஒன்றும் கலக்காமல் இருக்கட்டும்.